அரசிதழில் அச்சேறும் முன்: வனக் கொள்கையில் ஊர் மக்கள் பங்கேற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாசலில் போட்டிருக்கும் மேசையும் அதன்மேல் நூல் கட்டிய பேனாவும்தான். உள்ளே நுழைகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி இருக்கும். தேநீரும் வடையும் உண்டு. மலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் இறங்கி வந்த பெண்கள், மைக் தங்கள் பக்கம் வராமலே பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். சில மாதம் கழித்து அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் படித்தால், பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு திட்டத்தை வரவேற்றனர் என்றிருக்கும். வருகைப் பதிவேடு ஒப்புதல் பட்டியலாகிவிட்டிருக்கும்.

இப்படி இரண்டு முறை ஏமாந்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வனக் கொள்கையில் மக்கள் பங்கேற்பு என்பது பெரும்பாலும் தாள் வேலை. கூட்டத்தில் உரக்கப் பேசுவது வேண்டியதுதான். ஆனால் எந்தத் தாளில், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்தோடு உங்கள் பேச்சு பதிவாகிறது என்பதில்தான் அதன் எடை இருக்கிறது.

காட்டோரக் கிராமங்களின் ஊராட்சி உறுப்பினர்கள், வன உரிமைக் குழுவினர், அவர்களோடு வேலை செய்யும் இளைஞர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஈரோடு, நீலகிரி மலைகளிலிருந்து வருபவை. வனத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அலுவலர்கள் படித்தாலும் நட்டமில்லை.

முதல் படி: எந்தத் தாள் என்று கண்டுபிடியுங்கள்

வனக் கொள்கை என்ற பெயரில் ஒரே புத்தகம் எங்கும் இல்லை. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை இருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாகவோ மரங்களாகவோ இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. தமிழ்நாட்டுக்கென 2018-இல் ஒரு மாநில வனக் கொள்கை வந்தது. இவை திசை காட்டும் பலகைகள். உங்கள் மாடு எந்த ஓடையைத் தாண்டலாம், சீமார்ப்புல் யார் அறுக்கலாம், எந்தப் பாதை இரவில் மூடப்படும் என்பவற்றைத் தீர்மானிப்பவை வேறு தாள்கள். அவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவதே பாதி வேலை.

ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க வேண்டுமென்றால், 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி முதலில் 4-ஆம் பிரிவில் அறிவிக்கை வரும். பிறகு, உரிமை கோருவோர் வந்து சொல்லலாம் என்று அவகாசம் கொடுத்துத் தண்டோரா போடுவார்கள். விசாரணை முடிந்து 16-ஆம் பிரிவில் இறுதி அறிவிக்கை வெளியாகும். 4-க்கும் 16-க்கும் நடுவில்தான் பேச இடம். பல ஊர்களில் இந்த இடைவெளி பல பத்தாண்டுகள் நீண்டு கிடக்கிறது. உங்கள் பகுதி எந்த நிலையில் நிற்கிறது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

சரணாலயம் என்றால் கதை வேறு. புதிய நிலத்தைச் சேர்ப்பதானால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆட்சியர் உரிமைகளை விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே காப்புக்காடாக இருக்கும் நிலத்தையே சரணாலயமாக்கினால், 26அ பிரிவின் கீழ் நேராக அறிவித்துவிடலாம். அங்கே உரிமைகள் முன்பே தீர்க்கப்பட்டுவிட்டன என்பது சட்டத்தின் அனுமானம். அந்தியூர் பக்கம் பர்கூர் மலையில் 2024-இன் தொடக்கத்தில் 80,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது மலைமக்கள் திகைத்ததற்கு இதுவே காரணம். செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடுகள் காட்டுப் பட்டிகளில் தங்கி மேய்ந்தே வளர்ந்த இனம். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. ஆக, வரைபடத்தில் சரணாலயம் என்ற ஒரு சொல் ஏறினால் பட்டிக்காரரின் பிழைப்பே கேள்விக்குள்ளாகிறது. அந்தச் சொல் ஏறும் முன் அவரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்தப் பிரிவில் இல்லை.

அதற்காகக் கதவு முழுவதும் அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2022-இல் வன உயிரினச் சட்டத்துக்கு வந்த திருத்தம் 33-ஆம் பிரிவில் ஒன்றைச் சேர்த்தது: வன உரிமைச் சட்டம் (காட்டை நம்பி வாழும் மக்களின் உரிமைகளை ஏற்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம்) பொருந்தும் இடங்களில், சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டத்தைக் கிராம சபையைக் கலந்தாலோசித்தே தயாரிக்க வேண்டும். எல்லை போட்ட பிறகும் உள்ளே எதைச் செய்யலாம் என்பதைப் பேச இது வழி விடுகிறது. அவ்வளவாக யாரும் பயன்படுத்தாத வழி இது.

புலிகள் காப்பகத்தில் வெளிமண்டலத்தின் (மையக் காட்டைச் சுற்றியுள்ள பகுதி) எல்லையைக் கிராம சபையையும் நிபுணர் குழுவையும் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்று 38வி பிரிவு சொல்கிறது. சரணாலயங்களைச் சுற்றிய சூழல் கூருணர்வு மண்டலத்துக்கு (குவாரி, கட்டுமானம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் வளையம்) மத்திய அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபணைக்கு விட வேண்டும். இறுதி அறிவிக்கைக்குப் பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு: மாநில அரசு இரண்டு ஆண்டுக்குள் உள்ளூர் மக்களைக் கலந்து மண்டலப் பெருந்திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். வீடு கட்டலாமா, ரிசார்ட் வரலாமா, கல்குவாரி நிற்குமா என்பதெல்லாம் அதில்தான் எழுதப்படும். 60 நாளைத் தவறவிட்டவர்கள் இதையாவது விடக்கூடாது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த தாள்: வனக் கோட்டத்தின் பத்தாண்டுச் செயல்திட்டம். அலுவலகத்தில் ஒர்க்கிங் பிளான் என்பார்கள். எந்தச் சரகத்தில் எந்த மரம் நடுவது, எங்கே தடுப்பணை, எங்கே தீத்தடுப்புக் கோடு, சிறு வனமகசூல் (தேன், நெல்லிக்காய் போன்ற மரமல்லாத விளைபொருள்) எப்படி என்று எல்லாமே அதில் இருக்கும். போராட்டமோ தலைப்புச் செய்தியோ இல்லாமல் சத்தமின்றித் தயாராகும். உங்கள் கோட்டத்தின் திட்டம் எந்த ஆண்டு முடிகிறது என்று இன்றே விசாரியுங்கள். முடிவதற்கு இரண்டு ஆண்டு முன்பே புதிய திட்டத்துக்கான வேலை தொடங்கிவிடும்; அப்போது எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கம், அச்சான பிறகு நடத்தும் இருபது ஆர்ப்பாட்டத்தை விட அதிகம் சாதிக்கும்.

இரண்டாம் படி: தாளைத் தமிழில் கையில் வாங்குங்கள்

2024-இல் நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் தமிழ்நாட்டின் 42 யானை வழித்தடங்களைப் பற்றிய வரைவு அறிக்கை வெளியானது. முழுவதும் ஆங்கிலம். கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த அவகாசமோ சில நாட்கள்தான். நீலகிரியின் கூடலூரில் எழுந்த எதிர்ப்பில் பாதி, அறிக்கையில் இருந்ததை விட, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் எழுந்தது. தன் தோட்டம் வழித்தடத்துக்குள் வருகிறதா என்பதைக்கூட ஒரு சிறு தேயிலை விவசாயியால் படித்து அறிய முடியாது என்றால் அவரிடம் கருத்துக் கேட்பதில் என்ன பொருள்?

தாளைப் பெற மூன்று வழி. அரசிதழும் துறை இணையதளமும் முதல் வழி. இரண்டாவது, மாவட்ட வன அலுவலரிடம் நேரில் கேட்பது. தயங்காதீர்கள், பல அலுவலர்கள் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில். மனுவில் 4(1)(இ) பிரிவைக் குறிப்பிடுங்கள். பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே அது தொடர்பான விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது அது. நாம் கேட்டுத்தான் தர வேண்டும் என்பதே இல்லை.

மொழிக்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ் வரைவு கேட்டு எழுதும் கடிதத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவகாச நீட்டிப்பும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். கூருணர்வு மண்டல வரைவுகளில் 60 நாள் என்பது, அரசிதழின் பிரதி மக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து கணக்கு. உங்கள் ஊருக்குப் பிரதி வந்து சேர்ந்த தேதியைக் குறித்து, தபால் உறையைக் கூடப் பத்திரப்படுத்துங்கள்.

அரசு மொழிபெயர்க்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊரில் கல்லூரி போகும் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்தால் இரண்டு நாளில் நான்கு பக்கச் சுருக்கம் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஒழுங்குபடுத்தப்படும் என்ற சொல்லையும் தடைசெய்யப்படும் என்ற சொல்லையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கூருணர்வு மண்டல வரைவுகளில் தடை, ஒழுங்குமுறை, ஊக்குவிப்பு என்று மூன்று பட்டியல் இருக்கும். எதை எதில் போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே. விவசாயமே தடை என்று பரவும் வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கூட்டத்தில் பேசி, அலுவலர் பக்கத்தைப் புரட்டிக் காட்டும்போது தலைகுனிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன உண்மைகளும் எடுபடவில்லை.

மூன்றாம் படி: மக்கள் என்றால் யார்?

கூட்டத்துக்கு வருகிறவர்கள் என்று வைத்துக்கொண்டால் தவறு. கூட்டத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் ஆண்கள், பட்டா உள்ளவர்கள், கட்சிக்காரர்கள், ரிசார்ட் உரிமையாளர்கள். காட்டை அன்றாடம் தொடுகிறவர்கள் வேறு. விறகு பொறுக்கும் பெண்கள், கூலிக்குப் பட்டி மேய்க்கும் பையன்கள், எஸ்டேட் லயத்தில் இருக்கும் தொழிலாளர்கள், நெல்லிக்காயும் கடுக்காயும் எடுக்கும் குடும்பங்கள் இவர்கள். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் கீழ்பவானிப் பாசன விவசாயி இருக்கிறார். அவர் காட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் வயல் தண்ணீரோ அந்த மலையில்தான் பிறக்கிறது. அவரையும் அழைக்க வேண்டும். மலைமக்கள் சொல்வதற்குச் சமவெளியில் ஓர் ஆதரவு கிடைத்தால் மாவட்ட நிர்வாகம் காது கொடுக்கும். இது அரசியல் கணக்குத்தான். கணக்குப் போடுவதில் பிழையில்லை.

தேன் எடுக்கும் பருவத்தில் கூட்டம் வைத்தால் குறும்பரோ சோளகரோ போன்ற பழங்குடியினர் எப்படி வருவார்கள்? நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஊர் மூப்பரிடம் கேளுங்கள். பெண்களுக்குத் தனி அமர்வு வைக்கச் சொன்னால், அப்படியெல்லாம் இங்கே வேற்றுமை பார்ப்பதில்லை என்று ஆண்கள் சொல்வார்கள். அதற்காகத் தயங்காமல் வையுங்கள். யானை வரும் நேரம், எந்த ஊற்று எந்த மாதம் வற்றுகிறது, எந்தப் பாதையில் காவலர் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்பவற்றை அந்த அமர்வில்தான் கேட்க முடிந்தது, என் அனுபவத்தில்.

நான்காம் படி: தரையில் வரைபடம்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காகிதத்தில் தொடங்காதீர்கள். பேனாவைக் கண்டால் படித்த பையன் ஒருவன் கையில் எடுத்துக்கொள்வான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கோயில் முன் பெருக்கிய மண்தரை போதும். ஓடைக்குச் சாம்பல், பாதைக்குச் சுண்ணாம்பு, வீட்டுக்குக் கூழாங்கல், நெல்லிமரம் நிறைந்த சரிவுக்கு நெல்லிக்காய், மாட்டுப் பட்டிக்குச் சாணம். ஒரு மலையூரில் மூன்று மணி நேரம் ஆண்கள் வரைந்து முடித்து நிமிர்ந்த பிறகு, ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து வந்து, சாம்பல் கோட்டைக் காலால் அழித்து நாலு முழம் தள்ளிப் போட்டார். பெரிய மழைக்குப் பிறகு ஓடை வழி மாறியதாம். அரசின் நில வரைபடத்தில் ஓடை இன்னும் பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

தரைப்படத்தைப் போட்டோ எடுத்து, பெரிய சார்ட் தாளில் ஏற்றி, எல்லைப் புள்ளிகளுக்கு நேரில் நடந்துபோய்க் கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறியுங்கள். கூடவே சர்வே எண்ணும் பீட் (ஒரு வனக்காப்பாளரின் காவல் பகுதி) பெயரும் வேண்டும். அலுவலகத்துக்குப் புரியும் மொழி அதுதான். புதைகாடு, சாமி மரம், பழைய ஊர் இருந்த இடத்தில் இடிந்து கிடக்கும் சுவர், கிணறு ஆகியவற்றை விடாதீர்கள். வன உரிமை விதிகளில் 13-ஆம் விதி இவற்றையெல்லாம் சான்றாக ஏற்கிறது; உரிமை கோராத முதியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் சான்றுதான்.

வரைபடத்தோடு அறிவும் பதிவாக வேண்டும். சத்தியமங்கலத்துக்கு வடக்கே கர்நாடகப் பக்கம் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளிகர்கள், கோடையின் தொடக்கத்தில் காய்ந்த சருகை மட்டும் தாழ்வாக எரிக்கும் பழக்கத்தைத் தரகு பெங்கி என்பார்கள். வனத்துறை அதை நிறுத்தியது. அந்த நெருப்பு நின்ற பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். ஆய்வாளர்களும் இதைப் பொருட்படுத்தி எழுதியிருக்கிறார்கள். இன்று அதே உண்ணிச்செடியைப் பிடுங்கப் பெரும் செலவு ஆகிறது. அந்த மலையில் 2011-இல் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றில் அப்படி ஏற்கப்பட்டது அதுவே முதல் முறை. உங்கள் ஊருக்கும் இப்படி ஏதாவது தெரிந்திருக்கும். எந்த மாதம், எந்தச் சரிவு, எப்படிச் செய்வார்கள் என்று எழுதி வையுங்கள். காலங்காலமாகக் காட்டைக் காத்தோம் என்ற பொதுப்பேச்சு மனுவில் ஒரு வரிக்குக்கூடப் பயன்படாது.

ஐந்தாம் படி: கிராம சபைத் தீர்மானம்

இரண்டு கிராம சபைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊராட்சிச் சட்டப்படி நடப்பது ஒன்று: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வன உரிமைச் சட்டம், 2006 சொல்லும் கிராம சபை இன்னொன்று. அது குடியிருப்பு அளவில், அதாவது உங்கள் ஊர் அளவில் கூடலாம். பத்துக் குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியில் மலையூரின் தீர்மானம் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (அரசியல் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி) இல்லாததால், அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டமும் நமக்கு உதவாது. ஆகவே வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைதான் நம் கையில் இருக்கும் உறுதியான கருவி.

2012 திருத்தத்துக்குப் பிந்தைய விதிப்படி, அந்தச் சபையின் உறுப்பினர்களில் பாதிப்பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். தனிநபர் உரிமைக்குப் படிவம் அ, சமூக உரிமைக்கு ஆ, சமூக வன வளத்துக்கு இ. பலர் அ படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் பட்டா கேட்பது நியாயம்தான். கொள்கையைத் தொட வேண்டுமென்றால் இ படிவம் வேண்டும். 3(1)(i) பிரிவின்படி காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உள்ள உரிமை அதில்தான் கிடைக்கிறது. தமிழ்நாடு இதில் பின்தங்கியதற்கு நீதிமன்றத் தடையும் ஒரு காரணம். உயர் நீதிமன்றத்தின் 2008 ஆணையால் உரிமைச் சான்று வழங்குவது 2016 வரை முடங்கியிருந்தது. அந்தச் சாக்கு இப்போது இல்லை.

தீர்மானத்தின் வாசகத்தை எழுத்தர் கையில் விட்டுவிடாதீர்கள். வனத்துறை மக்களின் வாழ்வாதாரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று எழுதினால், கருத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடலாம். நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும்:

"இந்தக் கிராம சபை, வன உரிமைச் சட்டம் 2006-இன் 3(1)(i), 5 ஆகிய பிரிவுகளின் கீழ், இணைப்பு வரைபடத்தில் காட்டிய எல்லைக்குள் மேய்ச்சல், சிறு வனமகசூல், தீ மேலாண்மை ஆகியவற்றுக்கு இணைப்பு 2-இல் உள்ள விதிகளை வகுக்கிறது. தயாராகிவரும் மேலாண்மைத் திட்டத்தில் இவ்விதிகளைச் சேர்க்க வேண்டும் என்றும், சேர்க்காவிடில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் தீர்மானிக்கிறது."

காரணத்தை எழுத்தில் கேட்பதுதான் இதில் உயிர்நாடி. கையெழுத்துப் பக்கத்தின் தலைப்பிலும் தீர்மானத்தின் முதல் வரியை மறுபடி எழுதுங்கள். அப்படி எழுதாத கையெழுத்துப் பக்கம் எந்தத் தாளோடும் ஒட்டிக்கொள்ளும். வாசல் மேசைப் பதிவேட்டில் நான் கற்றது அது. இப்போது அங்கே கையெழுத்துப் போடும்போது, பெயருக்குப் பக்கத்தில் வருகைக்கு மட்டும் என்று எழுதிவிடச் சொல்கிறேன்.

கிராம சபைக்கு உண்மையில் இவ்வளவு வலிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவின் நியமகிரியைச் சொல்வேன். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. டோங்கிரியா கோந்து மக்களின் 12 ஊர்ச் சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. நம் பக்கத்தில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி இருக்கிறது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக மேலூர்ப் பகுதி ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 2022-லேயே அரிட்டாபட்டியைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்திருந்ததும் வாதத்துக்கு வலுச் சேர்த்தது.

ஆறாம் படி: ஆட்சேபணை மனு

ஆயிரம் பேர் ஒரே அச்சு மனுவில் கையெழுத்திட்டு அனுப்பினால், தில்லியில் அது ஒரே மனுவாகத்தான் எண்ணப்படும். ஐம்பது வேறு வேறு மனுக்கள் அதைவிட மேல். ஒவ்வொன்றிலும் வரைவின் பத்தி எண், அதில் உள்ள வாசகம், அதனால் உங்கள் ஊரில் நடக்கப்போவது, மாற்றாக நீங்கள் முன்மொழியும் வாசகம் ஆகிய நான்கும் இருக்கட்டும். மாற்று வாசகத்தை எழுதத்தான் எல்லோரும் சோம்புகிறார்கள். கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கும் வேலைப்பளு உண்டு. நீங்கள் எழுதிக் கொடுத்தால் வெட்டி ஒட்டிக்கொள்வார். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, ஆட்சியருக்கு ஒரு நகல்.

எதிர்ப்பு மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை. நல்ல பிரிவை ஆதரித்தும் எழுதுங்கள். கல்குவாரித் தடையை நீக்கச் சொல்லி இன்னொரு பக்கம் மனு போய்க்கொண்டிருக்கும். உங்கள் மௌனம் அவர்களுக்கு லாபம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைச் சூழல் கூருணர்வுப் பகுதியாக்கும் அறிவிக்கையைப் பாருங்கள். 2014 முதல் 2024 வரை ஆறு வரைவுகள் வந்துவிட்டன. ஆறாவது, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாளான ஜூலை 31 தேதியிட்டு வெளியானது. தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர் அதில் அடங்குகிறது. ஒவ்வொரு வரைவுக்கும் 60 நாள் அவகாசம் திறக்கிறது. போன முறை எழுதிய மனுவைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இந்த முறை தேதியை மாற்றும் வேலை மட்டும்தான்.

நடுவே ஒரு கசப்பு: ஊருக்குள்ளும் ஒரே கருத்து இருக்காது

இதைப் படி என்று எண்ணிட மனம் வரவில்லை. கூடலூரில் ஜென்ம நிலங்களின் (முன்பு நிலக்கிழார்களிடம் இருந்து, உரிமை இன்னும் முழுதாகத் தீராத நிலங்கள்) 17-ஆம் பிரிவுச் சிக்கலில் பட்டா இல்லாமல் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் சிறு விவசாயியும், அவருக்கு முன்பிருந்தே அங்கிருக்கும் பணியர் பழங்குடியினரும், இருவருக்கும் முன்பே அந்த வழியாக நடந்த யானையும் ஒரே நிலத்தைக் கேட்கிறார்கள். நாட்டின் வன வழக்குகளுக்கெல்லாம் தாயான கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு இந்தக் கூடலூர் மரங்களிலிருந்துதான் 1995-இல் கிளம்பியது. சீகூர் பீடபூமி வழித்தடத்தில் 2020-இல் உச்ச நீதிமன்றம் யானைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டு, தனித்தனி நிலப் பிரச்சினைகளை விசாரிக்க ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

மக்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதிட மாட்டேன். ரிசார்ட்டுக்கு மின்வேலி வேண்டும் என்பதும் மக்கள் கருத்தாகத்தான் கூட்டத்துக்கு வருகிறது. யானையால் மனு எழுத முடியாது. ஆகவே உங்கள் ஊரின் விதிகளில் நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதும் இருக்க வேண்டும்: இந்த ஓடைக்கு இரவில் போவதில்லை, இந்தச் சரிவில் மூன்று ஆண்டு மேய்ப்பதில்லை, காய் பறிக்கக் கிளையை முறிப்பதில்லை. விட்டுக்கொடுத்ததை எழுதிய மனுவை அலுவலர்கள் வேறு கண்ணோடு படிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒத்துவராத கருத்தையும் தீர்மானத்தோடு மாற்றுக் கருத்தாகச் சேருங்கள். மறைத்தால் எதிர்த் தரப்பு அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

ஏழாம் படி: கூட்ட நாள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வரிசையில் உட்காருங்கள். ஊருக்கு மூன்று பேச்சாளர், ஆளுக்கு ஒரு பொருள், மூன்று நிமிடம். தாய்மொழியில் பேசட்டும், சோளகரோ இருளரோ தம் பேச்சில் சொல்ல, இன்னொருவர் தமிழில் சொல்லலாம். பேச்சு முடிந்ததும் எழுதியதைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். கூட்டம் முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். மறுத்தால், மறுத்ததை எழுதி அன்றே தபாலில் அனுப்புங்கள்.

எட்டாம் படி: பின்தொடர்தல்

பத்தில் ஒன்பது முயற்சிகள் இங்கேதான் சாகின்றன. கூட்டம் முடிந்த 30-ஆம் நாள் ஒரு தகவல் மனு: எத்தனை ஆட்சேபணைகள் வந்தன, ஒவ்வொன்றின் மீதும் என்ன முடிவு, அதற்கான கோப்புக் குறிப்பின் நகல். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வன உரிமைக் கோரிக்கை உட்கோட்டக் குழுவில் நிராகரிக்கப்பட்டால் மாவட்டக் குழுவுக்குப் போக 60 நாள். வன அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி போன்றவற்றை எதிர்க்கச் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்பதை மறக்க வேண்டாம். வன உயிரினச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் அதன் வரம்பில் இல்லை. அவற்றுக்கு உயர் நீதிமன்றம்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கலாம். 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதாவைப் பரிசீலித்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு நாடு முழுவதிலுமிருந்து ஏராளமான மனுக்கள் போயின. மசோதாவில் ஒரு மாற்றத்தைக்கூடக் குழு பரிந்துரைக்கவில்லை. அந்த மனுக்களை எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்று சேர்த்த வரைபடமும் தீர்மான நகலும் அடுத்த ஆண்டு வேறொரு கோப்புக்கு அப்படியே பயன்பட்டன.

அதனால் ஒரு தகரப்பெட்டி வாங்குங்கள். கரையானும் எலியும் புகாததாக இருக்கட்டும். வரைபடத்தின் மூலப் பிரதி, தீர்மானப் புத்தகம், முத்திரை வாங்கிய நகல்கள், தபால் ஒப்புகைகள், முதியவர்களின் வாக்குமூலங்கள், பெயர் எழுதிய பென் டிரைவ் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, கோட்டச் செயல்திட்டமும் சரணாலய மேலாண்மைத் திட்டமும் எந்த ஆண்டு முடிகின்றன என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.